கடற்கரைக்குத் தைத்த கூடாரம்

கடலைப் பார்க்க வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது என் மச்சான், அக்காவின் புருஷன். சிலமலைக்காரர். வாரத்தில் ஆறு நாள் போடிமெட்டுக்குக் கீழே ஓர் ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. இருபத்தெட்டு வயது வரைக்கும் மலையையும் அடிவாரத்தையும் தவிர எதையும் பார்க்காத மனுஷர். ஒரே ஒருமுறை மதுரைக்குப் போனார். கூட்டம் பிடிக்காமல் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டார். அவரும் அக்காவும் இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. போடி பஜாரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கடை இருந்தது. கயிறு, லாந்தர், மண்வெட்டி, கம்பளி என்று மலைக்குப் போகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். எனக்கு இருபத்திரண்டு வயது. வாய்த்துடுக்கும் முன்கோபமும் அந்த வயதுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தன. பக்கத்துக் கடையில் தையல் மிஷின் போட்டிருந்தவன் என் சிநேகிதன். அவன் கடற்கரை ஊரான மண்டபத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தவன். எங்கள் மூன்று பேரில் கடலைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான் என்பதால், கடல் விஷயத்தில் அவன் வைத்ததே சட்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மச்சான் எங்கள் கடைக்கு வந்துவிடுவார். திட்டமெல்லாம் அங்கேதான் உருவானது. மாசியோடு ஏலக்காய் எடுப்பு முடியும். மாசிக் கடைசியில் பஸ்சில் மதுரை, அங்கிருந்து ரயிலில் மண்டபம், மூன்று நாள் தங்கல். பெரியம்மா வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றான் தையல்காரன். இல்லையென்றால் சத்திரம் இருக்கிறது என்றேன் நான்.

"சத்திரத்துல படுக்குறதுக்கு அம்புட்டுத் தொலவு எதுக்கு வரணும்? கரையிலயே படுக்கணும் மாப்ளே. கண்ணு முழிச்சா கடல் தெரியணும்" என்றார் மச்சான்.

அப்படித்தான் கூடாரம் என்ற பேச்சு வந்தது. லோடு லாரியில் ஏலமூட்டைகளை மூடி மூடிக் கிழிந்துபோன ஒரு தார்ப்பாய் எங்கள் கடைப் பரணில் கிடந்தது. அதை இறக்கி உதறியபோது கடை முழுக்க ஏலக்காய் வாசம் அடித்தது. தையல்காரன் மிஷினில் போட்டுப் பார்த்து மூன்று ஊசியை உடைத்தான். பிறகு கோணி ஊசியை எடுத்துக்கொண்டு கையால் தைக்க உட்கார்ந்தான்.

"மணல்ல முளைக்குச்சி நிக்காதுண்ணே" என்று மச்சானிடம் சொன்னான். "சின்னச் சின்னப் பையாத் தச்சு, அதுல மணலை ரொப்பி, கயித்தக் கட்டி ஆழமாப் பொதைக்கணும். அப்பத்தான் காத்துக்குத் தாங்கும்."

"நீ பாத்தியா?"

"எங்க பெரியப்பா பந்தல அப்பிடித்தான் கட்டியிருந்தாரு."

மச்சான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ராத்திரியில கடல் சத்தம் நிக்குமாடா?"

"நிக்காதுண்ணே."

"எப்பவுமேவா?"

எப்பவுமே என்று தையல்காரன் சொன்னதும் அவர் முகத்தில் வந்த திருப்தி எனக்கு அன்று விளங்கவில்லை. தூக்கம் கெடப்போகிறதே என்று சந்தோஷப்படுகிற முதல் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கேலி செய்தேன்.

கூடாரம் தைத்து முடிந்ததும், மலையில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிடலாம் என்றார் மச்சான். கடலுக்குத் தைத்ததை மலையில் எதற்கு அடிக்க வேண்டும் என்று நான் முறுக்கிக்கொண்டேன். கடைசியில் வழக்கம்போல அவர் சொன்னதுதான் நடந்தது. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியற்காலை லாரியில் ஏறி மூன்று பேரும் போனோம். அக்காவுக்கு அப்போது ஆறு மாதம்.

லாரியில் வைத்துத் தையல்காரனிடம் மச்சான் மலை விதியைச் சொன்னார். மூடுபனியை மலையில் மஞ்சு என்பார்கள். அது இறங்கிவிட்டால் கை நீட்டுகிற தூரத்தில் நிற்கிற ஆள்கூடத் தெரியாது.

"மஞ்சுக்குள்ள யாராச்சும் கூப்பிட்டா, மொதக் கூப்பாட்டுக்கும் ரெண்டாவது கூப்பாட்டுக்கும் வாயத் தொறக்கப்படாது. மனுசன்னா மூணாவதும் கூப்பிடுவான். மத்தது ரெண்டோட நிப்பாட்டிரும்."

"மத்ததுன்னா?"

"மத்ததுதான்" என்றார் மச்சான்.

எனக்கு அது தெரிந்த விதிதான். கடைக்கு வருகிற தோட்டத்து ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள். வேலை நேரத்திலும் அப்படியே நடப்பார்கள். ஒருவரை ஒருவர் தேட வேண்டுமென்றால் மூன்று முறை கூப்பிட்டு, அதன் பிறகுதான் பதில் வரும். மூன்று வரைக்கும் எண்ணத் தெரியாத பேயிடம் என்ன பயம் என்று நான் கேட்டேன். மற்ற நேரமாக இருந்தால் மச்சான் சிரித்திருப்பார். அன்று லாரிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு வளைவில் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் அரைமணி நேரம் நடந்து, தோட்டத்து எல்லையில் இருந்த புல்தரைக்குப் போனோம். கூடாரம் நன்றாகவே நின்றது. பைகளில் மண்ணை நிரப்பிப் புதைத்து, கயிற்றை இழுத்துக் கட்டி, மூன்று பேரும் உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தோம். மச்சானின் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடல் அலை வந்து அவர் காலை மட்டும் கழுவிவிட்டுப் போகும் என்று தையல்காரன் சொன்னான். அன்றைக்கு நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

மத்தியானச் சோற்றை முடித்துவிட்டு, மூன்று மணி வாக்கில் மச்சான் பித்தளைத் தூக்கை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். ஊற்று கூடாரத்துக்கு மேலே, ஒரு நூறு காலடி தூரம். அவர் போன கொஞ்ச நேரத்தில் மஞ்சு இறங்கியது. எதிர்ச்சரிவு மறைந்தது, பிறகு மரங்கள், பிறகு எங்கள் அடுப்பு. நாங்கள் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தோம். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது. பட்டப்பகல்தான். ஆனால் எல்லாம் வெள்ளையாக இருக்கிற பகலைப்போல் பயமுறுத்துவது எதுவும் இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"மாப்ளே..."

மேலே, ஊற்றுப் பக்கமிருந்து. மச்சானின் குரல். தையல்காரன் எழுந்தான். நான் அவன் முழங்காலைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன்.

"மாப்ளே... எங்கடா இருக்கீக?"

இது இரண்டாவது. நான் விரலை மடக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாவது கூப்பாட்டுக்குக் கத்தத் தயாராக மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன். அது வரவில்லை.

"அண்ணன் கொரல்தானே?" என்றான் தையல்காரன் மெதுவாக.

"மூணாவது வரட்டும்."

காத்திருந்தோம். அவன் ஒரு பீடி பற்ற வைத்தான், அது தீர்ந்தது. இன்னொன்று பற்ற வைத்தான். இரண்டோடு நின்றுவிட்டதென்றால் கூப்பிட்டது மச்சான் இல்லை. மச்சான் இல்லையென்றால், அவர் குரலை எடுத்துக்கொண்டு வந்தது எங்களுக்கு நூறு காலடி தூரத்தில் நிற்கிறது. அன்று காலையில் பேயைக் கேலி செய்தவன் நான்தான். மடக்கிய விரலை விடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் முழுக்க எங்களுக்கு வேறு எந்தக் குரலும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் வாய் திறக்கவும் இல்லை. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

பிறகு ஒரு சத்தம் வந்தது. பித்தளைத் தூக்கு பாறையில் மோதி மோதி உருண்டு போகிற சத்தம். ஊற்றுப் பக்கமிருந்து இல்லை. எங்களுக்குக் கீழே, பள்ளத்துப் பக்கமிருந்து வந்தது.

நாங்கள் கூடாரத்தை விட்டு ஓடினோம். புல்லைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் இறங்கி, "மச்சான்" என்று நான் கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். இல்லை. மூன்றாவது முறை கத்தினேன்.

"ஓய்" என்று பதில் வந்தது, காலுக்கு நேர் கீழே.

பத்தடி உயரப் பாறைக்கு அடியில் கிடந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அத்தனை வலியிலும் அவர் முதலில் கேட்டது காலைப் பற்றி இல்லை.

"ஏன்டா ரெண்டாவது கூப்பாட்டுக்கே பதில் சொன்னீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாவது கூப்பிட்டதுமே பள்ளத்துப் பக்கமிருந்து பதில் வந்துச்சு. சரி, கூடாரம் அந்தப் பக்கந்தேன் இருக்கு, நாந்தேன் தெசை மாறிட்டேன்னு நெனச்சு எறங்கிட்டேன். மூணாவது கூப்பிடவே இல்ல."

தையல்காரன் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

"ஆமா மச்சான். அவசரத்துல சொல்லிட்டோம். அது பள்ளத்துல பட்டு எதிரொலிச்சிருக்கும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியாது. அந்த வெள்ளைக்குள் நின்றுகொண்டு, பதில் சொன்னது நாங்கள் இல்லை என்று உரக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். மச்சான் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கூடாரத்தைப் பிரித்து, நட்டிருந்த கம்பில் தூளி கட்டி, அவரை அதில் போட்டுச் சுமந்தோம். ஒற்றையடிப் பாதையைக் கண்டுபிடித்து ரோட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆனது. கீழே இறங்கிக்கொண்டிருந்த தோட்டத்து ஜீப்பு ஒன்று ஏற்றிக்கொண்டது. தார்ப்பாயில் அவர் ரத்தமும் பள்ளத்துச் சேறும் கலந்து ஒரு பெரிய கறை விழுந்தது.

எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மூன்று மாதம் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் என் பொய்க்கு ஒரு காரணம் கிடைத்தது. மச்சான் மலையேறினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அவருக்கு வேறு சோலி தெரியாது. மஞ்சுக்குள் எதையோ கேட்டுப் பயந்து கீழே இறங்கியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். தோட்டத்துப் பக்கம் அதற்குப் பிறகு அவர்கள் தலைவைத்துப் படுக்கவில்லை. மச்சானும் அப்படி ஆகிவிட்டால், வயிற்றில் பிள்ளையோடு அக்கா எங்கே போவாள்? கத்தியது நாங்கள்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தால், கால் ஆறியதும் பயமில்லாமல் ஏறிவிடுவார். இதைத் தையல்காரனிடம் சொன்னேன். அவனும் ஒத்துக்கொண்டான்.

"ஆனா, பதில் சொன்னது யாருடா?" என்று கேட்டான்.

"வாய மூடிக்கிட்டுத் தை" என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க, பஜாரில் அவனை யார் பின்னாலிருந்து கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல்தான் நடந்தான். நானும் அப்படித்தான்.

பொய்யின் செலவு என் தலையில் விழுந்தது. விஷயம் தெரிந்த அன்று அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"ரெண்டாவது கூப்பாட்டுக்கே எதுக்குடா வாயத் தொறந்த? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே. ஒன் அவசரபுத்திக்கு எம் புருசந்தேன் கெடச்சாரா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. தாய்மாமன் தொட்டில் கட்ட வேண்டுமே என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் கொண்டுபோன சேலையை அக்கா கைநீட்டி வாங்கவில்லை. பக்கத்திலிருந்த ஒருத்தியிடம் வாங்கச் சொன்னாள். சின்ன வயதில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். அன்று சிலமலையிலிருந்து போடி வரைக்கும் அழுதுகொண்டே நடந்து வந்தேன்.

மச்சான் படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில் கடற்கரைத் திட்டம் நிற்கவில்லை. அதைக் கேட்டால்தான் அவர் முகம் தெளிந்தது. நானும் தையல்காரனும் அக்கா இல்லாத நேரம் பார்த்துப் போய் உட்கார்வோம். மண்ணெண்ணெய் ஸ்டவ் கொண்டுபோவதா, கல் கூட்டி எரிப்பதா, அரிசி எவ்வளவு, கருவாடு அங்கேயே வாங்கலாமா. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவர் வேறு ஏதாவது கேட்பார்.

"அங்க மஞ்சு எறங்குமாடா?"

"எறங்காதுண்ணே. வெயிலுதான்."

"கூப்பிட்டா எதிரொலிக்குமா?"

தையல்காரன் யோசித்தான். "எதுல பட்டுத் திரும்பும்? அங்கதான் மலையே இல்லையே."

"ஆக, நாம கூப்பிட்ட சத்தம் போயிரும். திரும்பி வராது."

"வராதுண்ணே."

"அப்பச் சரி" என்றார் மச்சான், கண்ணை மூடிக்கொண்டு.

ஆடியில் அவர் மறுபடியும் மலையேறினார். இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டிருந்தது. அவர் முகத்தில் பயம் எதுவும் தெரியவில்லை. என் பொய் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் கோபத்தை அதற்குக் கூலியாக எடுத்துக்கொண்டேன்.

மறு வருஷம் மாசிக் கடைசியில் கடலுக்குப் போனோம்.

தையல்காரனின் பெரியம்மா ஊருக்கு அப்பால், ஆள் நடமாட்டமில்லாத கரையில் கூடாரம் அடித்தோம். பைகளில் மணலை ரொப்பிப் புதைத்தோம். காற்று பலமாக அடித்தது, ஆனால் கூடாரம் அசையவில்லை. துவைத்துத் துவைத்தும் போகாத கறை எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தது. அந்தத் தார்ப்பாயில் ஏலக்காய் வாசமும் போகவில்லை. நான் கடலைப் பற்றிக் கேட்டிருந்ததெல்லாம் கடலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மச்சான் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, பொழுது சாய்கிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அன்னைக்குப் பதில் சொன்னது நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும் மாப்ளே."

தையல்காரன் விறகை உடைப்பதை நிறுத்தினான்.

"கொரல் ஒங் கொரல்தேன். ஆனா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'இங்கதேன் இருக்கோம் அப்பு, எறங்கி வா'ன்னுச்சு. நீ என்னைய மச்சான்ங்கிறவன். இவன் அண்ணேங்கிறவன். என்னைய அப்புன்னு கூப்பிட்ட ஆளுக எல்லாம் எப்பவோ போய்ச் சேந்துட்டாக. கால் வழுக்குறப்பத்தேன் அது ஒறச்சுச்சு. நீ என்ன சொல்றன்னு பாக்கத்தேன் அன்னைக்கு அப்பிடிக் கேட்டேன்."

நான் மூன்று முறை கத்திய பிறகே பள்ளத்திலிருந்து பதில் வந்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. எங்கள் குரலையும் நம்பாமல், ஒடிந்த காலோடு அவர் எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறார். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பயத்துக்கு மேலே எனக்குக் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சே இருந்தீங்களா? அக்கா என் மொகத்தப் பாத்து ஒரு வருசமாச்சு. நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன்" என்றார். "நான் உண்மையச் சொன்னா ஒங்கக்கா என்னைய மலையேற விடுவாளா? மலையேறலைன்னா அவளுக்குக் கஞ்சி ஏது? நீயும் அதுக்குத்தானப்பா பொய் சொன்ன. ஒம் பொய்யில நான் ஏறிக்கிட்டேன். ஒவ்வொரு வாரமும் மேல போறப்ப ஒன்னையத்தேன் நெனச்சுக்கிருவேன்."

பயமில்லாமல் ஏறுகிறார் என்று நான் நினைத்திருந்த மனுஷர், பயத்தோடுதான் ஒவ்வொரு வாரமும் ஏறியிருக்கிறார். நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

"உங்க ரெண்டு கூப்பாடும் எங்களுக்குக் கேட்டுச்சு மச்சான். மூணாவதுக்குக் காத்துக்கிட்டு இருந்தோம். ரெண்டு பீடி குடிக்கிற நேரம் உக்காந்திருந்தோம்."

"தெரியும். நான் சொன்னதத்தான செஞ்சீங்க" என்றார் மச்சான்.

கொஞ்ச நேரம் கழித்து, நசுங்கிப்போன அந்தப் பித்தளைத் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கரைக்காரர்கள் தோண்டி வைத்திருந்த நல்ல தண்ணீர்க் குழி இருந்தது. நான் போகிறேன் என்றேன், கேட்கவில்லை. காலைச் சாய்த்துச் சாய்த்து ஏறி, மேட்டுக்கு அப்பால் இறங்கி மறைந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"மாப்ளே..."

ஒரே ஒரு கூப்பாடுதான். அலைச் சத்தத்துக்கு மேலே மெல்லத்தான் கேட்டது.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். "இங்கதான் இருக்கோம் மச்சான்" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "அண்ணே, இங்கண்ணே" என்று அவன் கத்தினான். கத்திக்கொண்டே மேட்டை நோக்கி ஓடினோம்.

அவர் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. தண்ணீர் நிறைந்த தூக்கோடு மேட்டின் உச்சியில் எங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.